ஆமை ஓட்டில் காயமும் அழுகலும்: எந்தச் சிகிச்சை எப்போது பொருந்தும்?

ஆமை வளர்ப்பவர் அதன் ஓட்டில் ஒரு வெள்ளைத் திட்டையோ குழியையோ விரிசலையோ முதன்முதலில் காணும்போது, எந்த மருந்தைப் போடுவது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார். அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழுது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? வீட்டிலேயே கழுவி மருந்திடுவது, தண்ணீரிலிருந்து எடுத்து உலர்வாக வைப்பது, ஊசி போடுவது, அழுகிய பகுதியைச் சுரண்டி எடுப்பது, உடைந்த ஓட்டைக் கம்பியால் இணைப்பது என வழிகள் பல இருக்கின்றன. அவற்றில் எது பொருந்தும் என்பதை அந்த ஆழமே தீர்மானிக்கிறது.

ஆமையின் ஓடு உயிருள்ள உறுப்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று இணைந்து உருவான எலும்புப் பலகை அதன் உள்ளடுக்காக இருக்க, நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற அதே வகைப் புரதத்தால் ஆன தகடுகள் அதன் மேல் போர்த்தியிருக்கின்றன. எலும்பில் ரத்த ஓட்டமும் நரம்புகளும் உள்ளன. மேலோட்டின் உட்புறத்தை ஒட்டியே நுரையீரல்கள் அமைந்துள்ளன. ஆகவே மேல்தகட்டோடு நின்றுவிட்ட பழுது தோல் புண்ணுக்கு நிகரானது. எலும்பைத் தொட்டுவிட்ட பழுது எலும்பு நோய். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியக்கூடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

சிகிச்சையே தேவைப்படாத நிலைகளை முதலில் விலக்கிவிடுவது நல்லது. நன்னீர் ஆமைகள் வளரும்போது பழைய தகடுகளை மெல்லிய, ஒளி ஊடுருவும் சில்லுகளாக உதிர்க்கின்றன. உதிர்ந்த இடத்தில் பளபளப்பான, கெட்டியான புதிய தகடு தெரிந்தால் அது இயல்பான வளர்ச்சியே. கடின நீரில் உள்ள உப்புகள் படிந்து உண்டாகும் வெண்மை, ஓடு ஈரமானதும் மங்கி, காய்ந்ததும் மீண்டும் தெரியும். பச்சையாகப் படரும் பாசியை மென்மையான பல்துலக்கியால் தேய்த்தாலே அகற்றிவிடலாம். இவற்றை நோய் என்று எண்ணிக்கொண்டு, உதிரத் தயாராகாத தகட்டை நகத்தால் பெயர்த்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பெயர்த்த இடத்தில்தான் பல வேளைகளில் உண்மையான தொற்று தொடங்குகிறது. ஒரு குறிப்பிட்ட இடம் மட்டுமின்றி ஓடு முழுவதுமே வளைந்து கொடுத்தால், கால்சியமும் வைட்டமின் டி3-உம் போதாமையால் வரும் எலும்பு நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு எந்தக் களிம்பும் பயன்படாது. குஞ்சுகளின் ஓடு ஓரளவு இளக்கமாக இருப்பது மட்டும் இயல்பு.

உண்மையான ஓட்டழுகலை நெருங்கிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஆமையை நல்ல வெளிச்சத்தில் ஒரு துண்டின் மேல் வைத்து, ஓட்டைத் துடைத்துக் காயவிட்டு, பஞ்சுக் குச்சியின் நுனியால் சந்தேகத்துக்குரிய இடத்தை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகடு அழுத்தத்துக்கு அசையாது. அழுகிய தகடு சற்றே அமுங்கும். அதன் விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கும். அடியிலிருந்து மங்கிய, சில வேளைகளில் ரத்தம் கலந்த நீர் கசியும். பஞ்சை முகர்ந்தால் கெட்ட வாடை வரும். இன்னும் முற்றிய நிலையில் தகடு கழன்று, அதன் கீழே வெண்மையும் மஞ்சளும் கலந்த கட்டியான பொருள் தெரியும். அதுதான் சீழ். ஊர்வனவற்றின் வெள்ளணுக்களில் சீழைக் கரைத்து நீர்மமாக்கும் நொதிகள் குறைவு என்பதால் அவற்றின் சீழ் பாலாடைக் கட்டியைப் போல இறுகிக் கிடக்கும். அது தானாக வடிவதும் இல்லை; மருந்து அதனுள் ஊடுருவுவதும் இல்லை. பின்னால் வரும் பல முடிவுகளுக்கு இந்த ஒரு செய்தியே அடிப்படையாக இருக்கிறது.

இதன்படி வீட்டுச் சிகிச்சைக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான எல்லையைத் தெளிவாகவே வகுக்கலாம். பழுது சிறியதாகவும் மேலோட்டமாகவும் இருந்து, அழுத்தினால் கெட்டியாக நின்று, வாடையும் கசிவும் இல்லாமல், ஆமை வழக்கம்போல் தின்று நீந்தி வெயில் காய்ந்துகொண்டிருந்தால் வீட்டில் தொடங்கலாம். அமுங்கும் இடம், வாடை, ரத்தம், எலும்பு தெரிதல், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பரவல், பசியின்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் செல்வதே சரியான தேர்வு. கீழோட்டிலும் கால்களின் தோலிலும் இளஞ்சிவப்புப் படர்வு தோன்றி ஆமை சோர்ந்து கிடந்தால் தொற்று ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். அந்நிலையில் ஒரு நாள்கூடக் காத்திருக்கலாகாது. வீட்டில் தொடங்கிய சிகிச்சைக்கும் ஒரு கெடு வேண்டும். ஒன்றிரண்டு வாரங்களில் புண்ணின் விளிம்பு உலர்ந்து கெட்டிப்படவில்லை என்றால், மருந்தை மாற்றிப் பார்ப்பதைவிட ஆழத்தை மருத்துவரைக் கொண்டு அளந்தறிவதே பயனுள்ளது.

வீட்டில் பயன்படும் கிருமிநாசினிகளில் பெரும்பாலோர் ஒப்பிட்டுப் பார்ப்பவை போவிடோன் அயோடினும் குளோர்ஹெக்சிடினும் ஆகும். போவிடோன் அயோடின் பாக்டீரியாவோடு பூஞ்சையையும் அழிக்கும், எளிதில் கிடைக்கும், கடைகளில் பெரும்பாலும் 10% கரைசலாக வரும் அதனை ஒரு பங்குக்குப் பத்து முதல் இருபது பங்கு சுத்தமான நீர் சேர்த்து, வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அடர்த்தியாக ஊற்றினால் வேகமாக ஆறும் என்ற எண்ணம் தவறானது. அடர்ந்த கரைசல் புதிதாக வளரும் திசுவையும் சேர்த்தே எரிக்கிறது. சீழும் ரத்தமும் அழுக்கும் இதன் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால், முதலில் சலைனால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் இதைத் தடவ வேண்டும். குளோர்ஹெக்சிடின் தடவிய இடத்தில் நெடுநேரம் செயல்படக்கூடியது. 2% கரைசலை ஒரு பங்குக்கு நாற்பது பங்கு நீர் சேர்த்து 0.05% அளவுக்கு நீர்க்கச் செய்வது வழக்கம். ஆனால் சோப்பின் எச்சம் பட்டால் இது செயலிழக்கும். கண்ணிலும் வாயிலும் படக்கூடாது. ஆமையை இதில் ஊறவைப்பதும் கூடாது, ஏனெனில் ஊறும் ஆமை அந்த நீரைக் குடித்துவிடும். என் கருத்தில், பூஞ்சையா பாக்டீரியாவா என்று தெரியாத மேலோட்டமான புண்ணுக்குப் போவிடோன் அயோடினில் தொடங்குவது பொருத்தமானது. சுத்தம் செய்து முடித்த, திறந்திருக்கும் காயத்தை நாள்தோறும் கழுவுவதற்குக் குளோர்ஹெக்சிடின் மேலானது. இரண்டையும் கலந்து பயன்படுத்துவதில் எந்தப் பயனும் இல்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே தயங்குகிறேன். நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அது நன்றாக வேலை செய்வதாகப் பலர் நம்புகிறார்கள். ஆனால் ஆறிவரும் செல்களையும் அது அழிப்பதால், தொடர்ந்து பயன்படுத்தினால் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஆழமான குழிக்குள் அதை ஊற்றுவது வெளிப்படையாகவே ஆபத்தானது.

கழுவியபின் தடவும் களிம்புகளில் 1% சில்வர் சல்ஃபாடையாசின் முன்னிற்கிறது. தீக்காயங்களுக்கென்று மனிதர்களுக்கும் கொடுக்கப்படும் இந்தக் களிம்பு, ஓட்டுப் புண்ணில் அடிக்கடி காணப்படும் சூடோமோனாஸ் உள்ளிட்ட பாக்டீரியாக்களையும் சிலவகைப் பூஞ்சைகளையும் கட்டுப்படுத்துகிறது. நீர் சார்ந்த களிம்பு என்பதால் தண்ணீரில் கழுவிப் போகும். ஆகவே தடவியபின் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆமை உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். வாசலைன் போன்ற எண்ணெய்ப் பிசுக்குள்ள களிம்புகள் தண்ணீரிலும் ஒட்டி நிற்கும் என்பது உண்மையே. ஆனால் காற்றுப் புகாத இடத்தில் செழிக்கும் கிருமிகளுக்கு அதே குணம் இடம் கொடுத்துவிடும் என்பதால், ஆழம் தெரியாத புண்ணில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. வலிநிவாரணி கலந்த மனிதக் களிம்புகளையும் ஒதுக்கிவிட வேண்டும்.

தொட்டித் தண்ணீரிலேயே மருந்தைக் கலந்துவிடும் வழி எளிதாகத் தோன்றினாலும் அதுவே மிகவும் பலவீனமான வழி. புண்ணைச் சேரும் அளவு மிகக் குறைவாக இருக்க, ஃபில்டரில் வாழ்ந்து அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதே மருந்தால் அழிகின்றன. விளைவாக, புண்ணுக்குக் காரணமான அசுத்தமே கூடிவிடுகிறது.

உலர்வாக வைத்தல் என்ற முறையைப் பற்றித்தான் மிக அதிகமான குழப்பம் நிலவுகிறது. நீர்வாழ் ஆமையைத் தொட்டியிலிருந்து எடுத்து, சுத்தமான துணி விரித்த, வெதுவெதுப்பான பெட்டியில் நாளின் பெரும்பகுதி வைத்திருந்து, ஒரு நாளில் ஒன்றிரண்டு முறை மட்டும் சுத்தமான நீரில் விடுவதே இம்முறை. நீரில் வாழும் கிருமிகளுக்கு ஈரம் கிடைக்காமல் போகிறது, மருந்து கழுவிப் போகாமல் தங்குகிறது, புண்ணின் விளிம்பு கெட்டிப்படுகிறது என்பன இதன் நன்மைகள். தீமைகளும் சிறியவை அல்ல. பெரும்பாலான நீர்வாழ் ஆமைகள் நீருக்குள்தான் விழுங்க முடியும். கழிவை வெளியேற்றுவதும் பெரும்பாலும் நீரில்தான். உலர்ந்த பெட்டியில் நாட்கணக்கில் கிடக்கும் ஆமைக்கு நீர்ச்சத்து குறைகிறது, சிறுநீரகத்துக்குச் சுமை கூடுகிறது, பசியும் அற்றுப்போகிறது. ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசி மருந்துகள் நீர்ச்சத்துக் குறைந்த உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால், உலர்வாக வைத்துக்கொண்டே அவற்றைப் போடுவது இரட்டை ஆபத்து. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய நேர்ந்தால் ஆமையை எவ்வளவு நேரம் நீரில் விடுவது என்பதை மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

ஆகவே இந்த முறையை முழுமையாக ஏற்பதா மறுப்பதா என்று பார்க்காமல், எவ்வளவு நேரம் என்பதையே தீர்மானிக்க வேண்டும். மேலோட்டமான புண்ணுக்கு, மருந்து தடவி ஒரு மணி நேரம் உலரவிட்டு, மிகச் சுத்தமான தண்ணீருக்குத் திருப்பி அனுப்பினாலே போதும். ஆழமான, திறந்த புண்ணுக்கும் எலும்பு முறிவுக்கும்தான் நாளின் பெரும்பகுதி உலர்வு தேவைப்படுகிறது. குஞ்சுகள் மிக விரைவில் வற்றிவிடும் என்பதால் அவற்றை நீண்ட நேரம் வெளியே வைக்கலாகாது. தோல் போன்ற மென்மையான ஓடு கொண்ட ஆமை வகைகளுக்கு இந்த முறையே பொருந்தாது; அவற்றின் புறப்பரப்பு காய்ந்து வெடிக்கும். நில ஆமைகளைப் பொறுத்தவரை கேள்வியே வேறு: அவற்றின் கீழோட்டில் வரும் அழுகலுக்குப் பெரும்பாலும் ஈரமான, அழுக்கடைந்த படுக்கைத்தளமே காரணம் என்பதால் தளத்தை மாற்றுவதே முதல் சிகிச்சை. எந்த வகை ஆமையானாலும், பெட்டியில் இருக்கும் காலத்தில் அதற்குத் தகுந்த வெப்பம் கிடைக்க வேண்டும். ஆமையின் நோய் எதிர்ப்பாற்றல் உடல் வெப்பத்தைப் பொறுத்தே இயங்குகிறது. குளிர்ந்த அறையில் உலர்வாக வைக்கப்பட்ட ஆமைக்கு, கிருமியோடு போராடும் ஆற்றலும் சேர்ந்தே குறைந்துவிடும்.

தகட்டுக்கு அடியில் இறுகிய சீழ் இருப்பது தெரிந்துவிட்டால், மேலே சொன்ன மருந்துகளுக்கிடையே தேர்வு செய்வதில் பொருளே இல்லை. அந்தச் சீழையும் செத்த எலும்பையும் நல்ல திசு தெரியும்வரை சுரண்டி எடுத்தாக வேண்டும். வலிநிவாரணியும் தேவைப்பட்டால் மயக்கமும் கொடுத்து மருத்துவர் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் கத்தி நுனியால் கிளறுவது ஆமைக்குக் கொடும் வலி. மெலிந்துபோன எலும்பைத் தாண்டி உடற்குழிக்குள் போய்விடும் அபாயமும் உண்டு. சுரண்டிய பொருளை ஆய்வகத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று மருத்துவர் கேட்டால் அனுப்புங்கள் என்றே சொல்வேன். ஏரோமோனாஸ், சிட்ரோபாக்டர், சூடோமோனாஸ் என்று பல பாக்டீரியாக்கள் இந்நோயை உண்டாக்குகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே ஆன்டிபயாடிக் கேட்பதில்லை. 2019-இல் விவரிக்கப்பட்ட எமிடோமைசீஸ் டெஸ்டாவொரன்ஸ் என்ற பூஞ்சை நன்னீர் ஆமைகளின் ஓட்டுப் புண்களில் காணப்படுகிறது. அத்தகைய புண்ணுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் போட்டாலும் பயன் இராது.

எலும்பை எட்டிய பாக்டீரியாத் தொற்றுக்கு ஊசியா, வாய்வழி மருந்தா என்றால், பெரும்பாலான ஆமைகளுக்கு ஊசியே நல்லது. தலையை உள்ளிழுத்துக்கொள்ளும் ஆமையின் வாயைத் திறப்பது கடினம். குடலில் மருந்து உறிஞ்சப்படுவதும் மெதுவாகவும் சீரற்றும் நடக்கிறது. ஊசியின் இடைவெளி மிக நீண்டது என்பது இன்னொரு வசதி: எடுத்துக்காட்டாக, செஃப்டாசிடிம் பொதுவாக மூன்று நாட்களுக்கு ஒருமுறை போடப்படுகிறது. பின்னங்கால் பகுதியில் போடும் மருந்து உடலெங்கும் பரவும் முன்பே சிறுநீரகத்தின் வழியாகச் செல்லக்கூடும் என்பதால் முன்னங்கால் பகுதியில் போடுவதே மரபு. அளவை எடையைக் கொண்டு மருத்துவர் கணக்கிட வேண்டும். ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நாய்க்கும் ஆட்டுக்கும் ஒட்டுண்ணி நீக்கப் போடும் ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு உயிர்க்கொல்லி. எந்தக் காரணத்துக்காகவும் அதை ஆமைக்குக் கொடுக்கக் கூடாது.

இனி உடைந்த ஓடு. உயரத்திலிருந்து விழுவது, நாய் கடிப்பது, வண்டி ஏறுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். முதல் சில மணி நேரத்தில் வளர்ப்பவர் செய்ய வேண்டியது குறைவு. அந்தக் குறைவானதைச் சரியாகச் செய்தால் பின்னால் வரும் எல்லா வழிகளும் திறந்திருக்கும். ரத்தம் வடிந்தால் சுத்தமான காஸ் துணியால் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். மண்ணும் முடியும் ஒட்டியிருந்தால் சலைனால் மேலாகக் கழுவலாம். ஆனால் விரிசலிலிருந்து மூச்சுக்கேற்பக் குமிழிகள் வந்தால் உடற்குழியோ நுரையீரலோ திறந்திருக்கிறது என்று பொருள், அப்போது ஒரு சொட்டு நீரும் விடக்கூடாது. ஈரமான காஸால் மூடி, காற்றோட்டமுள்ள பெட்டியில் துண்டின் மேல் வைத்து, ஈ மொய்க்காமல் காத்து, தண்ணீரில் விடாமல், உணவு கொடுக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பெயர்ந்து விழுந்த துண்டுகள் இருந்தால் ஈரக் காஸில் சுற்றி அவற்றையும் எடுத்துச் செல்வது பயனளிக்கும். நாய் கடித்த காயம் சிறியதாகத் தெரிந்தாலும், அதன் வாயிலுள்ள கிருமிகள் பல்லோடு சேர்ந்து எலும்புக்குள் இறங்கியிருக்கும் என்பதை மறக்கலாகாது.

உடைந்த விளிம்புகளைச் சேர்த்துப் பிடிப்பதற்கு ஒரு காலத்தில் எபாக்சிப் பிசினும் ஃபைபர் கிளாஸ் துணியும் கொண்டு விரிசலை முழுமையாக மூடிவிடுவதே பெருவழக்காக இருந்தது. பார்ப்பதற்கு உறுதியாக இருக்கும். ஆமையும் விரைவில் தண்ணீருக்குத் திரும்பலாம். ஆனால் மூடியதற்குக் கீழே ஒரு துளி அழுக்கு இருந்தாலும் தொற்று கண்ணுக்குத் தெரியாமல் எலும்பைத் தின்னும். பிசின் விளிம்புகளுக்கிடையே வழிந்தால் எலும்பு சேராது. இறுகும்போது அது வெளியிடும் சூடும் திசுவைப் பாதிக்கும். இளம் ஆமையின் ஓடு வளர்வதற்கு அந்தப் பட்டை தடையாக நிற்கும். வீட்டில் உடனடிப் பசையால் ஒட்டுவது இதே முறையின் மிக மோசமான வடிவம். இன்று ஊர்வன மருத்துவர்கள் விரும்புவது பாலம்போல் இணைக்கும் முறையை: விரிசலின் இரு பக்கமும் நல்ல ஓட்டில் சிறு கொக்கிகளை ஒட்டியோ திருகாணிகளைப் பதித்தோ, அவற்றுக்கிடையே கம்பியை இழுத்துக் கட்டி விளிம்புகளைச் சேர்க்கிறார்கள், விரிசல் திறந்தே இருப்பதால் நாள்தோறும் பார்க்கவும் கழுவவும் முடிகிறது. இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், ஐயமின்றி இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். கம்பியும் கொக்கியும் மேலே நிற்கும் ஆமையைப் பல வாரங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மனத்துக்குக் கடினம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் காயத்தைத்தான் காப்பாற்ற முடியும்.

ஒரு பகுதியே காணாமல் போயிருந்தால், காயத்தின் மேல் போடும் ஈரமான கட்டுத்துணியை அடிக்கடி மாற்றி அடியிலிருந்து திசு வளரவிடலாம், அல்லது புண்ணின் மேல் உறை பொருத்திச் சிறு இயந்திரத்தால் உறிஞ்சும் முறையைக் கையாளலாம். இரண்டாவது முறை கசிவை அகற்றித் திசு வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது. கட்டு மாற்றும் தொல்லையும் குறைகிறது. கருவி உள்ள மருத்துவமனையும் ஆமையை அங்கே தங்கவைப்பதும் தேவைப்படுவதே குறை. எந்த முறையானாலும் ஓட்டெலும்பு சேர மாதங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே அறிந்து முடிவெடுக்க வேண்டும்.

நடுமுதுகில் முறிவு ஏற்பட்டால் முதுகுத்தண்டு ஓட்டோடு இணைந்திருப்பதால் பின்னங்கால்கள் செயலிழக்கக்கூடும். எக்ஸ்ரேயும் நரம்புச் சோதனையும் பார்த்தபின் மீள வழியில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னால், வலியின்றி உயிரை விடுவிப்பதும் ஆராய வேண்டிய ஒரு தேர்வே. அதை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். ஆமையின் மூளை ஆக்சிஜன் இன்மையை நெடுநேரம் தாங்கும். உறைபெட்டியில் வைப்பது கருணையான வழி என்ற நம்பிக்கை தவறானது, கொடுமையானது.

எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும், புண் உண்டான சூழல் அப்படியே இருந்தால் அது திரும்ப வரும். ரெட் இயர்டு ஸ்லைடர் போன்ற நன்னீர் ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸும், வெயில் காயும் மேடை 30 முதல் 33 டிகிரியும் இருக்க வேண்டும்; மேடையில் ஏறினால் கீழோடு உட்பட முழு உடலும் காய வேண்டும். யூவிபி (புற ஊதா-பி கதிர்) விளக்கின் வெளிச்சம் கண்ணுக்கு அப்படியே தெரிந்தாலும் அதன் யூவிபி குறைந்துகொண்டே வரும் என்பதால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றுவது வழக்கம். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கூரான கற்களை அகற்ற வேண்டும். கடித்துக்கொள்ளும் ஆமைகளைப் பிரிக்க வேண்டும். ஆமைகள் சால்மோனெல்லாக் கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், புண்ணைக் கழுவும் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் தனியே வைத்து, ஒவ்வொரு முறையும் கையை சோப்பால் கழுவ வேண்டும்.

ஆறிவரும் ஓட்டை வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, எடையையும் குறித்துவைத்தால் முன்னேற்றம் ஐயமின்றித் தெரியும். புண் உலர்ந்து, அழுத்தத்துக்கு அசையாமல் நின்று, வாடை முற்றிலும் நீங்கியபின் தண்ணீரில் விடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். எலும்பு முறிவென்றால் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னபின்தான் கூட்ட வேண்டும். ஆறிய இடம் குழிந்தோ நிறம் மாறியோ நெடுங்காலம் இருக்கலாம். அது கெட்டியாக இருக்கும்வரை அதற்கு மருந்து தடவத் தேவையில்லை. விளிம்பு மீண்டும் தூக்கினாலோ கசிவு தென்பட்டாலோ மட்டும் மருத்துவரிடம் மறுபடியும் காட்ட வேண்டும்.